வாய்தா அம்மா

எனக்கு அந்த அம்மாவைப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறந்துபோனவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லாருக்கும் கை கொஞ்சம் இளகிவிடுகிறது. எனக்கு இளகவில்லை.

அப்போது நான் தஞ்சாவூர் ரயிலடியில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பம்பாயில் இட்லிக் கூடை சுமந்து, திருப்பூர் சாயப்பட்டறையில் கால் வெந்து, ஆந்திராவில் போர் போடுகிற லாரியோடு அலைந்து, கடைசியில் ஒரு முதலாளியின் பழைய அம்பாசிடருக்கு டிரைவராக வந்து சேர்ந்திருந்தேன். ஒரு நாள் காலையில் அந்த அம்மா வந்தார். பின்கதவைத் திறந்து பிடித்தேன். அவர் அதைக் கவனிக்காமல் சுற்றி வந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். மடியில் ஒரு டேப் ரெக்கார்டர், ஒரு பொட்டலம் காராசேவு.

"திருச்சி ஜெயிலுக்குப் போ."

"யாரும்மா உள்ள இருக்காங்க?"

"யாருன்னு இன்னிக்குத்தான் பாக்கப் போறேன்."

அதற்குப் பிறகு சில வருஷங்கள் அவருக்கு நான்தான் வண்டி. பொறையாறு பக்கத்து லுத்தரன் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரியில் மனோதத்துவம் நடத்தியவர், வேலையை விட்டுவிட்டுக் கொலையைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எல்லாக் கொலையும் இல்லை. அதை எனக்கு முதல் நாளே விளக்கினார், நான் கேட்காமலே.

"சண்டையில கை ஓங்கி வெட்டிடுறது ஒண்ணு. அது எனக்கு வேண்டாம். ஒரே ஆளக் குறி வச்சு, நாள் பாத்து, எடம் பாத்து, சத்தமில்லாமப் போயி வெட்டுறான் பாரு, அவன்தான் வேணும். வெட்டுறதுக்கு முந்தின மாசம் அவன் எப்படி இருந்தான்னு தெரியணும். அது தெரிஞ்சா அடுத்தவனப் புடிச்சு நிறுத்தலாம்."

சொல்லிவிட்டு விரலை நக்கினார்.

ஜெயிலிலிருந்து வெளியே வந்தால் அவருக்குப் பசிக்கும். கொலை செய்தவனோடு மணிக்கணக்காகப் பேசிவிட்டு வந்து, எதிர்க்கடையில் பரோட்டாவுக்குச் சால்னா பத்தவில்லை என்று சண்டை போடுவார். உள்ளே என்ன பேசினீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"அவன் செருப்பப் பத்தி."

"செருப்பா?"

"தீபாவளிக்கு வீட்டுல எல்லாருக்கும் துணி எடுத்திருக்கான். தனக்கு எடுக்கல. வார் அறுந்த செருப்புல ஊக்கக் குத்திப் போட்டுக்கிட்டு நடந்திருக்கான். புதுசு வாங்கணும்னு அவனுக்குத் தோணல. ஏன் தோணும்? அடுத்த மாசம் அவனுக்கு நடக்குற வேலையே இல்லையே."

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். துப்புக் கிடைத்த சந்தோஷம். சிரிக்கக்கூடாத இடம் பார்த்துச் சிரிப்பது அவர் வழக்கம். ஜெயிலில் கிடப்பவன் செருப்பின் வாரைக்கூட விசாரித்துத் தெரிந்துகொண்டவர், கடைசி வரைக்கும் என் பெயரைக் கேட்கவில்லை. "டிரைவர்" என்றுதான் கூப்பிடுவார்.

மனுஷனின் கோபம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். வாய்க்கால் தண்ணீர் முறைக்காகப் பங்காளியை வெட்டியே தீருவேன் என்று ஒருவன் தினமும் அரிவாளோடு தெருவில் நின்று கத்துகிறான். ஊரே பயந்துபோய், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வழியாக இந்த அம்மாவை வரவழைத்தார்கள். நாங்கள் போனபோதும் அவன் கத்திக்கொண்டிருந்தான். இவர் அவனைப் பார்க்கவே இல்லை. கொல்லைப்பக்கம் போய் அவன் பெண்டாட்டியிடம் இரண்டு கேள்வி கேட்டார். விதை நெல் ஊறப்போட்டாயிற்றா? காலையில்தான் ஊறப்போட்டார் என்றாள். மாட்டுக்குச் சினை ஊசி போட்டாயிற்றா? நேற்று அவரேதான் ஓட்டிக்கொண்டு போனார் என்றாள்.

வெளியே வந்து ஊர்க்காரர்களிடம் சொன்னார். "இவருக்கு ஒண்ணும் இல்ல. கத்தட்டும், விட்டுடுங்க."

கத்திக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

"என்னம்மா சொல்றீங்க? வெட்ட மாட்டேங்கறீங்களா?"

"மாட்டீங்க."

"ஏன், நான் ஆம்பள இல்லையா?"

"உங்களுக்கு நடவு வேல கெடக்கு."

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. அவன் பங்காளியை வெட்டவில்லை என்பது உண்மைதான். அதற்குப் பிறகு தெருவில் தலைநிமிர்ந்து நடக்கவும் இல்லை என்று வாத்தியார் பிற்பாடு சொன்னார். ஒரு மனுஷனின் வீராப்பை இப்படித் தெருவில் போட்டு மிதிக்கலாமா? இவரிடம் கேட்டேன். "அவர் பங்காளி உயிரோட இருக்கார்ல?" என்றார்.

சத்தம் போடுகிறவனை விட்டுவிடுவார். சத்தம் அடங்கியவனைத்தான் தேடுவார். எவனாவது திருந்திவிட்டான், மன்னிப்புக் கேட்டுவிட்டான், இப்போது தங்கமாக இருக்கிறான் என்று யாராவது சொன்னால் இவருக்கு மூக்கு வேர்க்கும்.

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பெண். ஒருத்தன் அவள் பின்னாலேயே திரிந்தான். பெரியவர்கள் கூடிப் பேச, அவன் அவள் அப்பாவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டான். அத்தோடு முடிந்தது என்று எல்லாரும் நம்பினார்கள். இந்த அம்மா இரண்டு தடவை போய், பெண்ணை வேறு ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கெஞ்சினார். "அவன்தான் திருந்திட்டானேம்மா, நீங்க ஏன் கெட்டதையே பேசுறீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் பஸ் நிறுத்தத்தில் அவன் அவளைக் குத்திவிட்டான்.

சாவுக்குப் போனோம். பந்தலில் பெண்கள் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். இவர் நேரே போய்ப் பெற்றவள் எதிரில் குந்தி உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"கடைசி வாரத்துல அவன் யாருக்காவது எதையாவது தூக்கிக் குடுத்தானா? கேள்விப்பட்டீங்களா?"

அந்தத் தாய்க்குக் கேள்வி புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு எழுந்த கூச்சலில் ஆம்பளைகள் ஓடிவந்தார்கள். ஒருவன் கையை ஓங்கிவிட்டான். நான்தான் நடுவில் புகுந்து இழுத்துக்கொண்டு வந்து காரில் போட்டேன். என் சட்டை கிழிந்தது.

"சாவு வீட்டுல கேக்குற கேள்வியாம்மா இது?"

"இன்னிக்குக் கேட்டாத்தான் உள்ளது வரும். கருமாதிக்குள்ள எல்லாரும் சேந்து ஒரு கதை பண்ணிடுவாங்க. அப்புறம் அவங்களுக்கே எது நடந்துச்சுன்னு தெரியாது."

"அந்தப் பொண்ணுக்காக உங்களுக்கு அழுகையே வராதா?"

ஒரத்தநாடு வருவதற்குள் தூங்கிவிட்டார். வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு. அன்றைக்கே வேறு சவாரி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்க்கவில்லை. அது என் அண்ணன் விஷயத்தில் வந்து முடிந்தது.

எங்கள் ஊர் திருவாரூருக்குக் கிழக்கே. அப்பா இல்லை. அண்ணனும் நானும்தான். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர், எங்களுக்கு மாமன் முறை, திருவாரூர் கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். கூடவே வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற வேலை. ஊரில் பாதிப் பேர் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். சொந்தக்காரர்தானே என்று அண்ணனும் அவர் வழியாகப் போனார். கடையில் வேலை என்றார்கள். போய்ப் பார்த்தால் பாலைவனத்தில் ஆடு மேய்க்கிற வேலை. பக்கத்தில் மனுஷ வாடையே கிடையாது. தபாலும் கிடையாது. சேதி சொல்ல வேண்டுமானால் மாமன் பூத்திலிருந்து அங்கேயுள்ள அவருடைய ஆளுக்குப் போன் பண்ண வேண்டும். அவன் தண்ணீர் வண்டியோடு ஆட்டுக்கொட்டாய்க்குப் போகும்போது சொல்லுவான்.

அம்மா படுத்த படுக்கையானபோது மாமனிடம் சொன்னோம். சொல்லியாயிற்று, லீவு கிடைக்கவில்லை என்றார். அம்மா இறந்ததும் சொன்னோம். "சொல்லிட்டேன், நீங்களே பாத்துக்குங்கன்னுட்டான்" என்றார். நான்தான் கொள்ளி வைத்தேன். அண்ணிக்குப் புருஷன்மேல் அப்படி ஒரு ஆத்திரம். பெற்ற தாய்க்கு வராதவன் என்று ஊரும் பேசியது.

அடுத்த வருஷம் அண்ணன் ஊருக்கு வந்தார். வாசலில் பெட்டியை இறக்கும்போதே "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார். உள்ளே சுவரில் மாலை போட்ட படம். மாமன் எதையும் சொல்லவே இல்லை. சொன்னால் பாதி வேலையில் ஓடி வந்துவிடுவான், அங்கே தன் பெயர் கெடும் என்று மறைத்துவிட்டார்.

மறுநாள் அண்ணன் கடைத்தெருவுக்குப் போய் மாமனைப் பூத்திலிருந்து இழுத்துப்போட்டுச் செருப்பால் அடித்தார். ஊர் கூடியது. மாமன் மறைத்தது நல்லதுக்குத்தான் என்றார்கள். வயசில் பெரியவனை, அதுவும் மாமனை, கடைத்தெருவில் செருப்பால் அடித்ததுதான் குற்றம் என்றார்கள். "மாமன் கால்ல விழுந்து எந்திரிச்சிடு. அதோட முடிஞ்சுது." மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் பார்க்க அண்ணன் விழுந்தார். மாமன் தூக்கி நிறுத்தித் திருநீறு பூசினார். எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள்.

ஆனி மாசம். இந்த அம்மாவை மாயவரத்துக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது, பேச்சுவாக்கில், நல்ல சேதியாகத்தான் சொன்னேன். மாமன் கதையை முன்பே அவரிடம் புலம்பியிருந்தேன்.

"எங்கண்ணன் இப்ப நல்லாயிட்டாருங்கம்மா."

"என்ன நல்லாயிட்டார்?"

"கோவமே இல்லீங்க. மாட்டுக்கொட்டாய்க்குக் கூரை மாத்திட்டாரு. அண்ணிக்குக் கையெழுத்துப் போடக் கத்துக்குடுத்து, பேங்க்ல அவங்களையும் சேத்துவிட்டாரு. பக்கத்து வீட்டோட ரொம்ப நாளாப் பேச்சு இல்ல. அவங்க வீட்டுக்கே போயி உக்காந்து டீ குடிச்சிட்டு வந்தாரு."

காராசேவு எடுத்த கை நின்றுவிட்டது.

"தனக்குன்னு என்ன வாங்கினார்?"

"ஒண்ணும் வாங்கலீங்க. அவரு எப்பவுமே அப்படித்தான்."

"நாத்து விட்டாச்சா?"

"இல்லீங்க. காவேரித் தண்ணிய நம்பி இந்த வருஷம் எறங்க முடியாதுன்னுட்டாரு."

"உங்க தெருவுல?"

"மத்தவங்க விட்டிருக்காங்க."

"விதை நெல்லு என்ன ஆச்சு?"

"அத அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கே குடுத்துட்டாருங்க."

"வண்டியத் திருப்பு."

நான் இன்றைக்கும் கேட்பேன். மேட்டூர் தண்ணீரை நம்பாமல் அந்த வருஷம் நாற்று விடாதவர்கள் எத்தனையோ பேர். அத்தனை பேரும் கொலைகாரர்களா?

நேராக மாமனிடம் போய், கொஞ்ச நாளைக்குப் பூத்தைப் பூட்டிவிட்டு மெட்ராஸ் போய் மகள் வீட்டில் இருங்கள் என்றார். மாமன் சிரித்தார். "அவன் என் கால்ல விழுந்த பயம்மா." "அதனாலதான் சொல்றேன்" என்றார் இவர். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்ச் சொன்னார். பிறகு எங்கள் வீடு.

அண்ணன் வாசலில் உட்கார்ந்து மாட்டுக்கு மூக்கணாங்கயிறு திரித்துக்கொண்டிருந்தார். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"எப்ப?"

"எது எப்ப?" என்றார் அண்ணன்.

"உங்க மாமன எப்ப செய்யறதா இருக்கீங்க?"

அண்ணி சொம்பைக் கொடுக்காமல் தரையில் வைத்தார். அண்ணன் என்னைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், சிரித்தார். பாலைவனத்திலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"யாருடா இவங்க?"

"நான் யாரா இருந்தா என்ன? அடுத்த மாசம் ஆடி அமாவாச வருது. உங்கம்மாவுக்கு நீங்க இன்னும் ஒரு கை தண்ணி விடல. உள்ள போயிட்டா ஜெயிலுக்குள்ள காவேரி வராது. அம்மாவுக்குச் செஞ்சு முடிங்க. அதுவரைக்கும் சும்மா இருங்க. அப்புறம் பேசிக்கலாம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு மனுஷனை அவன் பெண்டாட்டி முன்னால் கொலைகாரன் என்று சொல்லியாயிற்று. அதையாவது தப்பு, பாவம், செய்யாதே என்று சொன்னாரா? அதுவும் இல்லை. வக்கீல் வாய்தா வாங்குகிற மாதிரி தேதி கேட்கிறார். காரில் ஏறியதும் கேட்டேவிட்டேன்.

"செய்யக்கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லலையே நீங்க?"

"சொன்னா கேக்குற நெலமையில அவர் இல்ல. நாளைக்குன்னு ஒண்ணு அவருகிட்ட இல்ல டிரைவர். எதையாச்சும் ஒண்ண நாளைக்கு வைக்கணும். வாய்தா வாங்குறதுதான் என் வேல. தீர்ப்பு சொல்றது இல்ல."

அன்றிலிருந்து ஸ்டாண்டில் நான் அவருக்கு வைத்த பெயர் வாய்தா அம்மா.

மறுநாள் முதல் ஒரு ஏட்டு சைக்கிளில் காலையில் வருவார். அண்ணனைப் பார்ப்பார், டீ குடிப்பார், போவார். அது போதும் ஊருக்கு. ஏமாற்றிய மாமனுக்கு வராத கெட்ட பெயர், சும்மா உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு வந்தது. பிள்ளைகள் அவர் வரும் பக்கம் விளையாட மாட்டார்கள். அண்ணி மகளைக் கூட்டிக்கொண்டு உள்அறையில் படுத்து, உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். அரிவாள்மணையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, காய் நறுக்க அங்கே போய் வந்தார். நறுக்கிய கத்தரிக்காயைத் தட்டில் ஏந்திக்கொண்டு தெருவில் வருவார். அண்ணன் வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நாளையிலேர்ந்து வேற வண்டி பாத்துக்குங்க" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். "எங்கண்ணன் யாரையும் வெட்டப் போறதா இல்ல. இப்ப நடக்காததுக்கு நீங்கதான் காரணம்னு சொல்லிக்குவீங்க. நடக்காத கொலைக்கு யாரு சாட்சி?"

"யாரும் இல்ல" என்றார். "அதனால திட்டலாம். நீ திட்டிக்க. ஆடி அமாவாசைக்கு மட்டும் வண்டி வேணும்."

அந்த நாள் திருவையாற்றுக்கு நான்தான் ஓட்டிப்போனேன். எங்கள் அம்மா காரியம் என்பதால். படித்துறையில் நிற்க இடமில்லாத கூட்டம். அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு, முடிந்த பிறகும் ஏறி வராமல் நின்றார். இந்த அம்மா கரையில் குடை பிடித்துக்கொண்டு, யாரோ கொடுத்த சுண்டலைத் தின்றுகொண்டிருந்தார். அண்ணன் ஈரத்தோடு ஏறி வந்ததும் கேட்டார்.

"சம்பா போடுறீங்கள்ல?"

அண்ணன் வேட்டியைப் பிழிந்தார்.

"போடுங்க. அறுத்ததும் நான் சாப்பிட வருவேன். உங்க வயல் அரிசியில சோறு வேணும் எனக்கு. கடை அரிசி வேணாம்."

வெட்கமில்லாமல் சோறு கேட்கிறாரே என்று எனக்கு அவமானமாக இருந்தது. அண்ணன் அந்த வருஷம் சம்பா நட்டார்.

நடவு முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவாரூரில் பூட்டிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் மாமனையும் அண்ணனையும் உட்கார வைத்தார். ஊர்ப் பெரியவர்கள் யாரும் வேண்டாம் என்றுவிட்டார். ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் இரண்டு பெரிய ஆட்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"நல்லதுக்குத்தாம்மா மறைச்சேன்" என்று மாமன் ஆரம்பித்தார்.

"எதுக்குன்னு நான் கேக்கல. என்ன செஞ்சீங்க, அத மட்டும் அவருகிட்ட சொல்லுங்க."

பெஞ்சு கிரீச்சிட்டது. பிறகு மாமன் குரல் கேட்டது. "போன் பண்ணல. ரெண்டு தடவையும் பண்ணல."

அண்ணன் கேட்டார். "எங்கம்மா கடைசியா என்ன கேட்டுச்சு?"

"நீ எப்ப வருவேன்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கிளம்பிட்டான்னு சொன்னேன்."

மாமன் வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அண்ணன் வந்து, பசிக்கிறது என்றார். மூன்று பேரும் போய்ச் சாப்பிட்டோம். அந்த அம்மா அன்றைக்கும் சாம்பார் சரியில்லை என்று சண்டை போட்டார்.

அறுவடை முடிந்ததும் சொன்னபடி வந்து உட்கார்ந்தார். அண்ணி காய்த் தட்டோடு தெருவிலிருந்து வருவதைப் பார்த்துவிட்டு, "அரிவாள்மணை உங்க வீட்டுல இல்லையா?" என்றார். அண்ணிக்கு முகம் சுருங்கியது. "போய் எடுத்துட்டு வாங்க. உங்க வீட்டுச் சாமான் உங்க வீட்டுல இருக்கட்டும்." அதை அங்கே போக வைத்ததே இவர்தான். அண்ணி போய் எடுத்து வந்தார். அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எழுந்திருக்கும்போது அடுத்த தேதி: "பொண்ணு பெரியவளானா எனக்குச் சொல்லி அனுப்பணும்."

நான் மறுபடியும் ஆந்திராவுக்குக் கிளம்பிவிட்டேன். அப்புறம் குஜராத், கொஞ்ச நாள் மலேசியா. எப்போதாவது ஊருக்கு வந்தால் அண்ணி சொல்லுவார். மகள் சடங்குக்கு வந்தாராம். பத்தாவது பரீட்சை முடிவு கேட்டு வந்தாராம். மகள் கல்யாணத்துக்கு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தாராம். ஒவ்வொரு தடவையும் போகும்போது அடுத்ததைச் சொல்லிவிட்டுத்தான் போவாராம். கல்யாணத்தன்று அவர் சொன்னது, "அறுபதாங் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரணும்." அதற்குள் செத்துப்போனார். பொறையாற்றில் புதைத்தார்கள். நான் போகவில்லை.

அண்ணனுக்கு அறுபது முடிந்து, போன ஆவணியில் திருக்கடையூரில் கல்யாணம். நான் ஊரோடு வந்து வேன் ஓட்டுகிறேன் இப்போது. என் வேனில்தான் எல்லாரும் போனோம். கலசத் தண்ணீர் ஊற்றும் நேரம். தாய்மாமன் வழியில் முறை செய்ய அந்த மாமன்தான் இருக்கிறார். அழைக்காமல் விட முடியாது. பழுத்த கிழம். கோலை ஊன்றிக்கொண்டு வந்து, சொம்பை எடுக்கக் குனிந்து, நடுங்குகிற கையால் அண்ணன் தலையிலும் அண்ணி தலையிலும் தண்ணீர் விட்டார். அண்ணன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

சாப்பாட்டில் அண்ணன் தன் பக்கத்தில் ஒரு இலையைச் சும்மா போடச் சொன்னார். யாருக்கு என்று பரிமாறுகிறவன் கேட்டான். "வர்றவங்க வரட்டும், நீ போடு" என்றார். எனக்கு யாருக்கென்று தெரியும். ஆத்திரமாக வந்தது. அத்தனை வருஷம் அவரைத் தெருவில் தலைகுனிய வைத்தவளுக்கு இலையா?

திரும்பும்போது அண்ணன் என் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் அண்ணி, மகள், பேத்தி எல்லாரும் தூங்கிவிட்டார்கள். நல்ல வெயில். பொறையாறு வந்தது. அந்தக் கல்லறைத் தோட்டத்தின் சுவர் ரோட்டோரமாகவே போகிறது. நான் நிறுத்தவில்லை. அண்ணனும் நிறுத்தச் சொல்லவில்லை. சுவர் முடியும் வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

"அவனுக்குக் கழுத்துக்குப் பின்னாடி ஒரு மச்சம் இருக்குடா" என்றார்.

"யாருக்கு?"

"மாமனுக்கு. காலையில பூத்து ஷட்டரத் தூக்கக் குனிவான் பாரு, அப்ப சட்டக் காலர் எறங்கும். மச்சம் தெரியும். எதுத்த டீக்கடையில உக்காந்து தெனமும் பாத்துக்கிட்டிருந்தேன் அந்த ஆனி மாசம். வெள்ளிக்கிழமைன்னு வச்சிருந்தேன். அந்தம்மா புதன்கிழமை வந்துட்டா."

என் கை ஸ்டியரிங்கில் இருந்தது. ரோட்டைப் பார்த்தே ஓட்டினேன்.

"இன்னிக்குச் சொம்ப எடுக்கக் குனிஞ்சான்ல. அது அப்படியே இருக்கு."

காரைக்கால் எல்லை வந்தது. அண்ணன் ஈரம் காயாத வேட்டி முனையைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

"அந்தம்மா குடுத்த தேதியெல்லாம் தீந்துபோச்சு" என்றார். "இதுதான் கடைசி."

வெயிலில் ரோடு பளபளத்தது. என்னென்னவோ சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. பாவம், புண்ணியம், அவருக்கு வயதாகிவிட்டது, விடு.

"தை மாசம் பேத்திக்குக் காது குத்தணும்" என்றேன். "அவளுக்கு மாமன் கெடையாது. நீதான் மடியில வச்சுக்கணும்."

அண்ணன் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார். பேத்தி அண்ணியின் மடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

"தை எத்தனாந் தேதி?" என்று கேட்டார்.